பழைய எட்சிங் படத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்வது எப்படி? ஒஸ்டாடேயின் குடியானவக் குடும்பங்களிலிருந்து தொடங்கலாம்

17ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய எட்சிங் படங்களை, அதாவது செப்புத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்துத் தாளில் அச்சிட்ட படங்களை, பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ரெம்பிராண்டிலிருந்து தொடங்குகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் என்னைக் கேட்டால், முதலில் அட்ரியான் வான் ஒஸ்டாடேயைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். 1610இல் நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் ஒரு நெசவாளர் வீட்டில் பிறந்து, 1685இல் அதே ஊரில் இறந்தவர். வாழ்நாள் முழுக்க ஓவியம் வரைந்தார். அதோடு சுமார் 50 எட்சிங் தகடுகளையும் செய்தார். ஐம்பது என்பது ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து முழுதாகப் பார்த்துவிடக்கூடிய எண்ணிக்கை. அவர் காட்டுவதும் நமக்குப் புரியாத புராணக் கதைகள் இல்லை. கிராமத்து வீடு, அம்மா, அப்பா, பிள்ளைகள், பன்றி, ஏணி, கஞ்சிக் கிண்ணம், இவ்வளவுதான். படத்தில் என்ன நடக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதால், அது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பதில் முழுக் கவனமும் போகும். புதிதாக வருகிறவருக்கு அதுதான் வேண்டும்.

இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்தப் போவது ஒன்றைத்தான். எட்சிங் என்பது ஒற்றைப் படம் இல்லை. ஒரு தகட்டிலிருந்து பல தாள்கள் வந்திருக்கின்றன, ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறு. அந்த வேறுபாட்டைக் காணப் பழகிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

1. மூன்று படங்களைத் தேர்ந்தெடுங்கள்

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் இணையதளத்துக்குப் போய், ஒஸ்டாடேயின் பெயரை ஆங்கில எழுத்தில் இட்டுத் தேடுங்கள். பெரிய அளவுப் படங்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியமும் காப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களை 2017 முதல் இப்படித்தான் தருகிறது. இரண்டு இடத்திலிருந்தும் ஒரே படத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

தொடங்குவதற்கு மூன்று போதும்: 1647இல் செய்த ‘குடும்பம்’, 1652இல் செய்த ‘நூல் நூற்கும் பெண்’, 1653இல் செய்த ‘சாப்பாட்டுக்கு முன் ஜெபம்’. தலைப்புகள் மியூசியத்துக்கு மியூசியம் மாறும். ஒஸ்டாடே தலைப்பு வைத்துத் தகட்டில் எழுதவில்லை, பின்னால் வந்தவர்கள் வைத்த பெயர்கள்தான் இவை. அதனால் தலைப்பை நம்பித் தேடாமல் எண்ணை நம்புங்கள். வியன்னாவில் இருந்த ஆடம் பார்ட்ச் என்பவர் 1803 முதல் 1821 வரை 21 பாகங்களில் பழைய அச்சுப் படங்களுக்கு ஒரு பெரும் பட்டியல் போட்டார். அவர் கொடுத்த எண்களை இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். ‘குடும்பம்’ பார்ட்ச் 46, ‘நூல் நூற்கும் பெண்’ 31, ‘ஜெபம்’ 34. இந்த எண்ணை வைத்துத் தேடினால் எந்த ஊர் மியூசியமாக இருந்தாலும் சரியான படம் கிடைத்துவிடும்.

2. தகடு எப்படி உருவானது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். செய்முறை தெரியாமல் எட்சிங்கைப் பார்த்தால் அது வெறும் பேனா ஓவியமாகத்தான் தெரியும்.

நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கிய செப்புத் தகடு ஒன்றை எடுத்து, லேசாகச் சூடாக்கி, மெழுகும் பிசினும் கலந்த கலவையை அதன்மேல் மெல்லிசாகப் பூசுவார்கள். பிறகு தகட்டைத் தலைகீழாகப் பிடித்து மெழுகுவத்திப் புகையைக் காட்டுவார்கள். பூச்சு கறுப்பாகிவிடும். அந்தக் கறுப்பின்மேல் ஊசியால் வரைந்தால், ஊசி போன இடத்தில் பூச்சு விலகிச் செம்பு மின்னும். ஊசி செம்பைத் தோண்ட வேண்டியதில்லை, பூச்சை விலக்கினால் போதும். அதனால் கைக்கு எதிர்ப்பே இருக்காது. தாளில் கிறுக்குவதுபோல எந்தத் திசையிலும் கை ஓடும். உளியை அழுத்தித் தள்ளிச் செம்பைச் சீவிச் செய்கிற எங்கிரேவிங்குக்கு வருடக்கணக்கில் பயிற்சி வேண்டும். எட்சிங்குக்கு அப்படி இல்லை என்பதால்தான், படம் வரையத் தெரிந்த ஓவியர்கள் பலர் அந்த நூற்றாண்டில் இதன் பக்கம் வந்தார்கள். 1645இல் பாரிஸில் ஆபிரகாம் பொஸ் இந்தத் தொழிலுக்கு ஒரு கையேடே எழுதி வெளியிட்டார்.

வரைந்து முடித்ததும் தகடு அமிலத்துக்குள் போகும். பூச்சு இருக்கும் இடத்தை அமிலம் தொடாது, செம்பு தெரிகிற கோடுகளை மட்டும் அரிக்கும். கொஞ்ச நேரம் இருந்தால் ஆழமில்லாத கோடு, கூடுதல் நேரம் இருந்தால் ஆழமான கோடு. இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. தகட்டை வெளியே எடுத்து, மெல்லிசாகவே இருக்க வேண்டிய கோடுகளை வார்னிஷ் பூசி மூடிவிட்டு, மற்றவற்றை மறுபடி அமிலத்தில் விடுவார்கள். இப்படி இரண்டு மூன்று சுற்று போனால் ஒரே தகட்டில் மயிரிழைக் கோடும் இருக்கும், தடித்த கருங்கோடும் இருக்கும்.

கடைசியில் பூச்சைத் துடைத்துவிட்டு, தகடு முழுக்க மை தேய்த்து, மேலே இருக்கும் மையைத் துணியாலும் உள்ளங்கையாலும் வழித்து எடுப்பார்கள். பள்ளத்துக்குள் இருக்கும் மை மட்டும் தங்கும். ஈரப்படுத்திய தாளை மேலே வைத்து, கம்பளித் துணியும் போட்டு, இரண்டு உருளைகளுக்கு நடுவே நசுக்கினால் தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொள்ளும். தகட்டில் இருந்ததற்கு இடவலம் மாறி வரும். அதனால் ஒஸ்டாடே தன் கையெழுத்தையும் ஆண்டையும் தகட்டில் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுத வேண்டியிருந்தது. படத்தில் யாராவது கத்தியோ கரண்டியோ பிடித்திருந்தால் எந்தக் கையில் என்று பாருங்கள். இடது கை என்றால், வரைந்தபோது அது வலது கையாக இருந்திருக்கலாம்.

3. கோட்டைப் பாருங்கள், ஆளை அப்புறம் பார்க்கலாம்

‘குடும்பம்’ படத்தைத் திரையில் திறந்து, முடிந்த அளவு பெரிதாக்குங்கள். அசல் தகடு ஏறக்குறைய 18 செ.மீ. உயரம், 16 செ.மீ. அகலம். அவ்வளவு சின்ன இடத்துக்குள் ஒரு உயரமான கிராமத்து அறை முழுக்க அடங்கியிருக்கிறது. மேலே கூரையின் உத்தரங்கள் இருக்கும் பகுதிக்குப் போங்கள். அங்கே கறுப்பு என்று தெரிவது உண்மையில் கறுப்பே இல்லை. ஒரு திசையில் இழுத்த கோடுகள், அவற்றின் குறுக்கே இன்னொரு திசையில் கோடுகள், சில இடத்தில் மூன்றாவது அடுக்கு. நடுவே நடுவே வெள்ளைத் தாள் எட்டிப் பார்க்கும். அந்த வெள்ளைதான் இருட்டுக்குள் காற்று இருக்கிறது என்ற உணர்வைத் தருகிறது. முழுக்க அடைத்துவிட்டால் அது சுவரில் தார் பூசியதுபோல ஆகிவிடும்.

இப்போது வெளிச்சம் விழும் இடத்துக்கு வாருங்கள். கோடு நீளமாக ஓடாமல் துண்டு துண்டாக உடைந்திருக்கும். ஒரு துணியின் ஓரம் முழுதாக வரையப்பட்டிருக்காது, நாலைந்து சிறு கீற்றுகள், பிறகு இடைவெளி, பிறகு ஒரு புள்ளி. மீதியை நம் கண் போட்டுக்கொள்கிறது. ஒஸ்டாடேயின் கை எனக்கு மிகவும் பிடிப்பது இந்த இடங்களில்தான். நேராக, ஒழுங்காக, அளவெடுத்ததுபோல அவர் எங்கும் கோடு போடுவதில்லை. மரப்பலகைக்கு ஒரு வகைக் கீற்று, சாந்துச் சுவருக்கு ஒரு வகை, கம்பளித் துணிக்கு இன்னொரு வகை. பொருள் என்ன என்பதைக் கோட்டின் நடையே சொல்லிவிடும்.

ஒரு பயிற்சி. ஒரு தாளில் சிறு சதுரம் வெட்டி ஓட்டை போடுங்கள். அதைத் திரையின்மேல் வைத்து, அந்த ஓட்டைக்குள் தெரிவதை மட்டும் பென்சிலால் பார்த்து வரையுங்கள். என்ன பொருள் என்று யோசிக்காமல் கோட்டை மட்டும் வரைய வேண்டும். படம் வரையத் தெரியாதவர்களுக்கும் இது பலன் தரும். கோடு எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்று கை கண்டுபிடித்த பிறகு கண் அதை விடாது.

4. இப்போது வீட்டுக்குள் போங்கள்

கிராமத்து வாழ்க்கையைக் காட்டும் பரோக் காலப் (ஏறக்குறைய 17ஆம் நூற்றாண்டு) படங்கள் என்றால் பலருக்கு மனதில் வருவது இத்தாலிய நிலக்காட்சிதான். இத்தாலியில் வாழ்ந்த பிரெஞ்சு ஓவியர் கிளாட் லொரைன் 1636இல் செய்த ‘மாடு மேய்ப்பவர்’ எட்சிங்கைப் பாருங்கள். மாடுகள் நீரைக் கடக்கின்றன, மரங்கள் அடர்ந்திருக்கின்றன, மேய்ப்பர் ஓய்வாக இருக்கிறார். அழகு, சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே யாருக்கும் பசிக்கிறதாகத் தெரியாது, யார் வீட்டிலும் பாத்திரம் கழுவ வேண்டியதாகவும் தெரியாது.

ஒஸ்டாடே வீட்டுக்குள் நுழைகிறார். ‘குடும்பம்’ படத்தில் தாயின் மடியில் கைக்குழந்தை. அப்பாவும் மற்றப் பிள்ளைகளும் பக்கத்தில். ஆட்கள் தகட்டின் அடிப்பகுதியில்தான் இருக்கிறார்கள், மேலே பாதிக்கு மேல் வெறும் அறையும் கூரையும். தொடங்குகிறவர்கள் முகங்களைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த மேல்பாதியில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கூரையின் உயரத்தை உணர்ந்தபிறகு கீழே வந்தால்தான், அந்தக் குடும்பம் எவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்திருக்கிறது என்பது தெரியும்.

‘ஜெபம்’ இன்னும் சிறிய தகடு. எளிய மேசையைச் சுற்றி ஒரு குடும்பம், தொப்பி கையில், தலை குனிந்திருக்கிறது. ‘நூல் நூற்கும் பெண்’ வீட்டு வாசலில் நடக்கிறது. அவள் நூற்கிறாள், முற்றத்தில் பன்றிகள். ஹார்லெம் அந்தக் காலத்தில் லினன் துணிக்குப் பேர்போன ஊர் என்பதையும், ஒஸ்டாடேயின் அப்பா நெசவாளர் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு அவள் கைகளைப் பாருங்கள். 1648இல் செய்த இன்னொரு சிறு தகட்டில் அப்பாவே குழந்தைக்கு ஊட்டுகிறார். அந்த நூற்றாண்டின் படங்களில் அப்பாக்கள் வேறு பல வேலைகள் செய்வதைப் பார்த்திருக்கிறேன், இது அபூர்வம்.

இவற்றைக் கிராமத்தின் நேரடிப் பதிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒஸ்டாடே நகரவாசி, ஓவியர் சங்கத்தில் பொறுப்பு வகித்தவர், 1662இல் அதன் தலைவர். படங்களை வாங்கியவர்களும் நகரத்தில் வசதியாக இருந்தவர்கள். இளம் வயதில் அவர் வரைந்த குடியானவர்கள் குடித்துவிட்டு அடித்துக்கொள்கிறார்கள், பார்ப்பவர் சிரிப்பதற்காகவே வரையப்பட்டவர்கள். 1640களிலிருந்து அந்தக் கேலி குறைகிறது. அவர்களை அவர் ஒரு மரியாதையோடு பார்க்கத் தொடங்குகிறார். ஏன் மாறினார் என்பதற்கு ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. ஆனால் மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது, முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் பக்கத்தில் வைத்தாலே போதும்.

5. ஒரே தகட்டின் இரண்டு பிரதிகளை ஒப்பிடுங்கள்

முதல் படியில் இரண்டு மியூசியங்களிலிருந்து எடுத்து வைத்தோமே, அவற்றை இப்போது திரையில் அருகருகே வையுங்கள். இதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான படி. அவசரப்படாதீர்கள்.

செம்பு மென்மையான உலோகம். ஒவ்வொரு முறை மை தேய்த்துத் துடைக்கும்போதும், உருளைக்குள் நசுங்கும்போதும் கோடு கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கும். முதலில் போவது மயிரிழைக் கோடுகள். அதனால் ஆரம்பத்தில் எடுத்த பிரதியில் நிழலுக்குள்ளும் பொருள்கள் தெரியும். தேய்ந்த தகட்டில் எடுத்ததில் மெல்லிய கோடுகள் காணாமல் போய், தடித்தவை மட்டும் நிற்கும், படம் வெளிறி எலும்புக்கூடாகத் தெரியும். முதல் டிகாஷனுக்கும் மூன்றாம் டிகாஷனுக்கும் உள்ள வித்தியாசம்தான். இரண்டும் அதே காப்பித்தூள், ஆனால் ஒன்றைக் குடித்து மற்றதை எடைபோட முடியாது.

தேய்மானம் ஒரு பக்கம். ஒஸ்டாடேயே தகட்டைத் திரும்பத் திரும்ப எடுத்து வேலை செய்ததும் உண்டு. ஒரு பிரதி எடுத்துப் பார்ப்பார், இங்கே இன்னும் இருட்டு வேண்டும் என்று தோன்றினால் மறுபடி கோடு சேர்ப்பார். இப்படித் தகட்டில் மாற்றம் செய்யப்பட்ட ஒவ்வொரு கட்டத்தையும் ‘நிலை’ என்கிறோம்: முதல் நிலை, இரண்டாம் நிலை, இப்படி. அவருடைய சில தகடுகளுக்கு ஐந்து, ஆறு, அதற்கும் மேல் நிலைகள் பட்டியலிடப்பட்டுள்ளன. மியூசியக் குறிப்பில் நிலை எண் இருக்கும், தவறாமல் படியுங்கள்.

ஒப்பிடும்போது எதைப் பார்ப்பது? என் வழக்கம் இது. முதலில் மிக இருண்ட மூலை ஒன்றை எடுத்துக்கொள்வேன். ஒரு பிரதியில் குறுக்குக் கோடு இரண்டடுக்கு, இன்னொன்றில் மூன்று என்றால் அது நிலை மாற்றம். கோடுகள் எண்ணிக்கையில் அதேதான், ஆனால் மங்கலாக இருக்கின்றன என்றால் அது தேய்மானம். கோடுகளும் அதே, கூர்மையும் அதே, ஆனால் மொத்தப் படத்தின்மேல் லேசாகப் புகை படிந்ததுபோல இருந்தால், அச்சிட்டவர் மையை முழுக்க வழித்தெடுக்காமல் ஒரு படலம் விட்டிருக்கிறார். இந்த மூன்றையும் பிரித்தறியத் தெரிந்துவிட்டால் நீங்கள் புதியவர் இல்லை. அப்புறம் ஓரங்கள், எழுத்துகள், ஆட்களின் முகங்கள் என்று ஒவ்வொன்றாகப் போகலாம். முகம் கடைசியில். ஏனென்றால் முகத்தைப் பார்த்தால் கண் அங்கேயே நின்றுவிடும்.

ஒஸ்டாடே இறந்த பிறகும் அவர் தகடுகள் சும்மா இருக்கவில்லை. கைமாறிக் கைமாறி, 18ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் அச்சிடப்பட்டன. தேய்ந்த கோடுகளை வேறு யாரோ உளியால் திரும்பக் கீறி ஆழமாக்கிய பிரதிகளும் வந்தன. அவற்றில் கோடு அழுத்தமாக இருக்கும், ஆனால் அந்த உடைந்த, தயங்கிப் போகிற நடை இருக்காது. மூன்றாவது படியில் பென்சிலால் பார்த்து வரைந்தவர்களுக்கு இது சட்டென்று தெரியும்.

6. தாளைத் தூக்கிப் பாருங்கள்

திரையில் பார்க்கிறவர்கள் இதை வேகமாகப் படித்துவிட்டுப் போகலாம். பழைய அச்சுப் படத்தை வாங்க நினைப்பவர்களுக்கு இது அவசியம்.

தாளை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். 17ஆம் நூற்றாண்டுத் தாள் கம்பிச் சல்லடையில் கையால் வார்த்தது. நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே இடைவெளி விட்டுச் சில கோடுகளும் தெரியும். கோமாளித் தொப்பி, நகரச் சின்னம் போன்ற வாட்டர்மார்க்கும் (தாள் வார்க்கும்போதே அதற்குள் பதிந்த அடையாளம்) இருக்கலாம். இந்தக் கோடுகள் எதுவும் இல்லாமல் ஒரே சீராக இருந்தால், அந்த வகைத் தாள் 1750களில் இங்கிலாந்தில்தான் வந்தது. ஆக, அது ஒஸ்டாடே காலத்துப் பிரதியாக இருக்க முடியாது.

அடுத்து, படத்தைச் சுற்றித் தகடு அமுங்கிய தடம் இருக்கிறதா என்று விரலால் மெல்லத் தடவாமல், சாய்வான வெளிச்சத்தில் கண்ணால் பாருங்கள். தடம் இல்லை என்பதாலேயே போலி என்று முடிவு கட்ட வேண்டாம். அந்தக் காலச் சேகரிப்பாளர்கள் ஓரத்தை வெட்டிவிட்டு ஆல்பத்தில் ஒட்டினார்கள், நல்ல பழைய பிரதிகள் பலவற்றுக்கு ஓரமே கிடையாது. இதற்கு மாறாக, அகலமான வெள்ளை ஓரத்தோடு பளிச்சென்று இருக்கும் தாளைக் கண்டால் கொஞ்சம் நிதானியுங்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் பார்க்கும்போது வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது புத்தகப் பக்கமோ காலண்டர் தாளோதான், அதற்குமேல் யோசிக்க வேண்டாம். சிக்கலானது இன்னொரு வகை. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் அமாண்ட்-துராண்ட் போன்றவர்கள், பழைய படங்களைப் புகைப்பட முறையில் செப்புத் தகட்டுக்கு மாற்றி, உண்மையான எட்சிங் மாதிரியே அச்சிட்டார்கள். டியூரர், ரெம்பிராண்ட் படங்களை அவர் இப்படி வெளியிட்டிருக்கிறார். ஏமாற்ற வேண்டும் என்று அவர் செய்யவில்லை, தாளின் பின்புறம் தன் முத்திரையையும் குத்தினார். ஆனால் கைமாறும்போது முத்திரை தேய்க்கப்பட்டுவிடலாம். இப்படிப்பட்டவற்றைப் பிரித்தறிய, மியூசியப் பிரதியின் பெரிய அளவுப் படத்தை வைத்துக்கொண்டு கோடு கோடாக ஒப்பிடுவதைத் தவிர வழியில்லை. விற்பவரிடம் பார்ட்ச் எண், நிலை, தாளின் வகை, வாட்டர்மார்க், ஒட்டுப்போட்ட இடங்கள் எல்லாம் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் வாங்காதீர்கள்.

7. நேரில் பாருங்கள், முடிந்தால் ஒரு தகடு செய்துபாருங்கள்

அச்சுப் படங்கள் வெளிச்சத்தில் மங்கும் என்பதால் மியூசியங்கள் அவற்றைச் சுவரில் நிரந்தரமாக மாட்டுவதில்லை. போய்ப் பார்த்தால் இருக்காது. ஆனால் பல மியூசியங்களில் இதற்கென்றே படிப்பு அறை உண்டு. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தின் அச்சுப்பட, ஓவியப் பிரிவில் முன்கூட்டி நேரம் வாங்கிக்கொண்டு போனால், கேட்ட தாளைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைப்பார்கள். கட்டணம் இல்லை. பென்சில் மட்டும் கொண்டுபோங்கள், பேனா அனுமதி இல்லை. நெதர்லாந்து போகிறவர்கள் ஆம்ஸ்டர்டாமின் ரெம்பிராண்ட் வீட்டு மியூசியத்தில் எட்சிங் அச்சிடும் செயல்விளக்கத்தைப் பார்க்கலாம். ஹார்லெமிலேயே டெய்லர்ஸ் மியூசியம் இருக்கிறது, 1784இல் திறந்தது.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் தகட்டையும் பிரஸையும் கண்ணால் காண அவ்வளவு தூரம் போக வேண்டாம். சென்னை எழும்பூரில் அரசு கவின் கலைக் கல்லூரியில் அச்சுக்கலைக்குத் தனித் துறை உண்டு. கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையத்திலும் அச்சுக்கலைக்கான ஸ்டுடியோ இருக்கிறது. மாணவர் கண்காட்சி நடக்கும் சமயம் பார்த்துப் போய், அச்சிடுகிறவர் பக்கத்தில் நின்று, அவர் உள்ளங்கையால் மை வழிக்கும்போது எங்கே அழுத்துகிறார், எங்கே விடுகிறார் என்று கவனியுங்கள்.

மூன்று படங்களும் பழகிவிட்ட பிறகு, பார்ட்ச் 23க்குப் போங்கள். 1647இல் செய்த ‘களஞ்சியம்’. பெரும்பகுதி கூரையும் வைக்கோலும் நிழலும்தான், அதனால் பிரதிகளுக்கிடையே வேறுபாடு மிக நன்றாகத் தெரியும் தகடு அது. குறைந்தது மூன்று மியூசியங்களின் பிரதிகளை எடுத்து, நிலை எண்ணை மறைத்துவிட்டு, எது முந்தையது எது பிந்தையது என்று நீங்களே வரிசைப்படுத்துங்கள். பிறகு குறிப்பைத் திறந்து சரிபார்க்கலாம்.